தாயார் பெயர் என்னும் கட்டம்

தாலுகா ஆபீஸ் வாசலில், சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு டைப்ரைட்டர், ஒரு முக்காலி, கோதண்டராமன். அவரிடம் பட்டாளத்து மனு எழுதப் போகிறவர்களுக்கு முதல் கேள்வியிலேயே எரிச்சல் வந்துவிடும்.

"பையனைப் பள்ளிக்கூடத்துல கூட்டினு போய்ச் சேர்த்தது யாரு?" என்பார்.

செத்துப்போன பட்டாளத்தானுக்கு மனு எழுத வந்தால் ஒண்ணாங்கிளாஸ் கதையைக் கேட்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். சொல்லாவிட்டால் மனிதர் காகிதத்தை மிஷினில் ஏற்ற மாட்டார். இந்தப் பிடிவாதம் அவருக்குக் கூடவே பிறந்ததில்லை. எண்பதாம் வருஷம்தான் வந்தது. அதற்கு முன்னால் அவரும் ஊர் உலகத்தைப் போலப் பேர் என்ன, அப்பா பேர் என்ன, அம்மா பேர் என்ன என்று கேட்டுத் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தவர்தான்.

கோதண்டராமனுக்குச் சொந்த ஊர் வேங்கிக்கால். வீட்டுக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம், மழை பெய்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, பெய்யாவிட்டால் வெறும் புழுதி. பத்தொன்பது வயதில் கப்பற்படையில் ரைட்டராகச் சேர்ந்தார். ரைட்டர் என்றால் ஆபீசில் எழுதுகிற வேலை. அதிலும் அவருக்கு வாய்த்தது கப்பற்படையின் விமானப் பிரிவு. கொச்சியில் கொஞ்ச காலம், கோவாவில் மீதிக் காலம் என்று பதினெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டு எழுபத்து மூன்றில் ஊர் திரும்பினார். தண்ணீர் லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊருக்கு ஒரு கப்பல்காரர் வந்தால் சும்மா விடுவார்களா?

"கப்பல்ல இருந்தீங்களா, ஏரோப்ளேன்ல இருந்தீங்களா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள் டீக்கடையில்.

"கப்பல்படையோட ஏரோப்ளேன் ஆபீஸ்ல இருந்தேன்."

"அப்போ ரெண்டுலயும் ஏறலன்னு சொல்லுங்க."

அது முக்கால்வாசி உண்மை என்பதால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஆபீசில் அவர் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. படையில் சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு ஃபைல். எந்தத் தேதியில் சேர்ந்தான், எந்த விமானத்தில் என்ன வேலை பார்த்தான், எப்போது காய்ச்சலில் படுத்தான், செத்தால் யாருக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். "ஆளு செத்தாலும் ஃபைலு சாவாது" என்பது அவருடைய வேதவாக்கு. பர்மா சண்டைக்குப் போய் வந்து எந்தப் படை என்பதையே மறந்துபோன கிழவர்களுக்குக்கூட இரண்டு வருஷம், மூன்று வருஷம் விடாமல் எழுதிப் பதிவை வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதைத் தபால் தலை ஒட்டி நிரூபித்த மனிதர்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. யார் வீட்டுக்கும் போக மாட்டார். "வீட்டுக்குப் போனா காபி குடுப்பாங்க. காபியக் குடிச்சா, இல்லாததை எழுதச் சொல்லுவாங்க" என்பார். அவர் மனைவி சரசு இதைக் கேட்டுச் சிரிப்பாள். ஊரார் காகிதத்தையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற இந்த மனிதருக்குச் சொந்த வீட்டு ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஜோதியம்மாள் அவரிடம் வந்தாள். அடி அண்ணாமலைக்காரி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெறும் நெற்றி, இடுப்பில் ஒரு துணிப்பை. முந்தின நாள்தான் சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்திருந்தார். பிள்ளையில்லாத ராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக நின்று வருஷா வருஷம் செய்கிற காரியம். ஜோதியம்மாளும் ஆற்றங்கரைக் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

"சாமிக்கு ராஜா செத்த நாளு தெரியுது, தம்பி. வருஷம் தவறாம போயிக் குடுக்கறாரு. எனக்கு என் பிள்ள செத்த நாளு தெரியல. அதைக் கொஞ்சம் கேட்டு எழுதுங்க" என்றாள்.

மகன் பெயர் முருகையன். அறுபத்திரண்டில் கப்பற்படையில் சேர்ந்து, விமானத்துக்கு மெக்கானிக் ஆகி, கொச்சியில் இருந்தான். அறுபத்தெட்டில், கார்த்திகை தீபத்துக்குக் கொடியேற்ற ஒரு வாரம் இருக்கும்போது தந்தி வந்தது. தபால்காரர் வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்துச் சொன்னார். விமானம் கடலில் விழுந்துவிட்டது, ஆளைக் காணோம், இறந்திருக்க வேண்டும் என்று. அவள் காதில் 'காணோம்' என்கிற ஒரு சொல்தான் விழுந்தது. அப்பன்காரர் ராஜமாணிக்கம் தந்தியைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். பின்னால் வந்த இரண்டு காக்கி உறைகளையும் பிரிக்காமலே எரித்தார். அவர் இருந்தவரை வீட்டில் மகன் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் இரண்டு நாள் சோற்றைத் தொட மாட்டார். அந்த மனிதரும் போன வருஷம் தையில் போய்ச் சேர்ந்தார்.

"அவருக்கு இந்த வருஷம் தெவசம் குடுத்தேன். அப்பனுக்கு எல போட்டுட்டு, பிள்ளைக்குப் போடாம இருக்க மனசு வரல. என்னைக்குன்னு போடறது?"

கோதண்டராமன் அந்த வருஷத்தில் கோவாவில் இருந்தார். கொச்சியிலிருந்து கிளம்பிய ஒரு விமானம் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டது மங்கலாக நினைவிருந்தது. அதில் தன் ஊர்ப் பக்கத்துப் பையன் இருந்தான் என்பது அவருக்குப் புதிது. இத்தனை வருஷமாக அவர் தேடிக் கொடுத்ததெல்லாம் தரைப்படைக்காரர்களின் பதிவு. தன் சொந்தப் பிரிவைச் சேர்ந்த ஆளைத் தேடி ஒருவர் வருவது இதுதான் முதல் தடவை. இதை ஆறு வாரத்தில் முடித்துக் கொடுத்துவிடலாம் என்று நெஞ்சை நிமிர்த்தினார். யானைக்கும் அடி சறுக்கும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

"படை நம்பர் தெரியுமாம்மா? எழுதின காயிதம் ஏதாச்சும் இருக்குதா?"

"ஒரு காயிதமும் இல்ல. எல்லாத்தையும்தான் எரிச்சிட்டாரே."

இரா. முருகையன், தந்தை ராஜமாணிக்கம், தாய் ஜோதியம்மாள், ஊர் அடி அண்ணாமலை என்று தட்டி, அவள் பெருவிரலை மையில் அழுத்தி ஒற்றி, பம்பாயில் உள்ள கப்பற்படைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினார்.

இரண்டரை மாதம் கழித்துப் பதில் வந்தது. ஜோதியம்மாளை உட்கார வைத்து அதை வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னார். நீங்கள் குறிப்பிடும் தாய் தந்தையரின் மகனாக முருகையன் என்ற பெயரில் எவரும் எங்கள் பதிவில் இல்லை.

அவள் சிறிது நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ கடல்ல விழுந்தது என் பிள்ள இல்ல. வேற யாரோ பெத்தது. அப்படித்தானே, தம்பி?"

அங்கேதான் அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். விவரத்தில் ஏதோ கோளாறு, மறுபடி எழுதிப் பார்ப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருஷம் காகிதத்தைத் தெய்வமாகக் கும்பிட்ட நாக்கு வேறு விதமாகப் புரண்டது.

"பேப்பர் அப்படித்தான் சொல்லுது" என்றார்.

அவள் எழுந்து, துணிப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு, வந்ததைவிட வேகமாகப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் நாள் கேட்டு வரவில்லை. அடுத்த வருஷம் கார்த்திகையில், தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, கோதண்டராமன் செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டிச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ரோட்டோரம் சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, முகத்தைப் பார்த்து, அடுத்தவரிடம் நகர்ந்துகொண்டிருந்தாள். காசு போடுகிறாள் என்று முதலில் நினைத்தார். கிட்டே போனதும் ஜோதியம்மாள் என்று தெரிந்தது. கையில் மடிப்புக் கலையாத ஒரு புது வேட்டி.

அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கடல்ல விழுந்து பொழைச்சவங்களுக்குப் புத்தி கலங்கிடுமாமே, தம்பி? பேரு மறந்துடுமாம். ஆனா பொறந்த ஊருப் பக்கம் காலு தானா இழுத்தாந்துடுமாம். அவனுக்கு எடது காதுகிட்ட ஒரு தழும்பு இருக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

கோதண்டராமனுக்குச் சைக்கிள் ஓடவில்லை. அன்று முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தார். பிள்ளை போன நாளைக் கேட்டு வந்தவளுக்குப் பிள்ளையையே தருவதாக வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த ராத்திரி சரசுவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாளே இன்னொரு கடிதம் எழுதினார், பதில் வந்ததும் மூன்றாவதையும் எழுதினார். ஊர் பெயரை மாற்றி, தாலுகா பெயரைச் சேர்த்து, சேர்ந்த வருஷத்தை முன்னும் பின்னும் தள்ளி எழுதினார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். கொட்டகைப் பக்கம் வந்த ஜோதியம்மாளிடம் அதைச் சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள்.

"மூணு தரம் கேட்டும் அவன் செத்தவங்க லிஸ்டுல இல்லன்னுட்டாங்க பாருங்க. மூணு தரம்" என்று விரலைக் காட்டினாள்.

அன்றைக்குத்தான் அவர் சரசுவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்து முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஆறு வருஷம் சர்வீஸ் பண்ணவன் லீவுல ஒரு தரமாச்சும் வீட்டுக்கு வந்திருப்பான். வந்தவன் வெறுங்கையை வீசினா வந்திருப்பான்? பம்பாய்க்கு மூணு லெட்டரு போட்டீங்க. அடி அண்ணாமலை ரெண்டு மைலு. ஒரு தரம் போயிப் பார்த்தீங்களா?"

"நான் யாரு வீட்டுக்கும்..."

"அந்தச் சட்டத்தையெல்லாம் தூக்கி அடுப்புல போடுங்க. மொதல்ல போயிட்டு வாங்க."

எண்பதாம் வருஷம் சித்திரையில் கோதண்டராமன் தன் விதியை மீறினார். ஜோதியம்மாளின் வீடு ஊர்க் கடைசியில், ஓடு போட்ட ஒற்றை அறை. அவள் காபி கொடுத்தாள், அவர் குடித்தார். மூலையில் கேழ்வரகு மூட்டை ஒன்று ஏதோ ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மூட்டைக்குக் கீழே கறுப்புத் தகரம் தெரிந்தது.

"அது இன்னா?"

"அவன் பொட்டி. கடைசி லீவுல வெச்சிட்டுப் போனான். உள்ள ஒண்ணும் இல்ல, ரெண்டு சட்டைதான். எலிக்குப் பயந்து மூட்டைய அதும்மேல ஏத்தி வெச்சேன்."

இருவருமாக மூட்டையை இறக்கினார்கள். கோதண்டராமன் துண்டால் தூசியைத் துடைத்தார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஆங்கில எழுத்துகள். சி. முருகையன். அதற்குக் கீழே கப்பற்படை விமான மெக்கானிக். அதற்கும் கீழே ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, ரெண்டு வருஷமாக இவர் பம்பாயைக் கேட்டுக்கொண்டிருந்ததன் மேல் கேழ்வரகு குந்தியிருந்தது.

"நம்பர் கேட்டேனேம்மா."

"அது பொட்டி நம்பருன்னு நெனைச்சேன்."

அவர் நம்பரை எழுதிக்கொண்டார். பிறகுதான் அந்த முதல் எழுத்து உறைத்தது.

"உங்க வீட்டுக்காரர் பேரு ராஜமாணிக்கம். இது இன்னா, 'சி'?"

ஜோதியம்மாள் பெட்டியைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி அவளை எங்கோ அழைத்துக்கொண்டு போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"சின்னசாமி" என்றாள்.

"யாரு சின்னசாமி?"

"தங்கம்மா வீட்டுக்காரரு. ரெண்டு வீடு தள்ளி. இப்போ இல்ல, செத்துட்டாரு."  பிறகு கோர்வையாகச் சொன்னாள். "இவனுக்கு முன்னால மூணு பெத்தேன், தம்பி. ஒண்ணும் வருஷம் தாண்டல. இவன் நாலாவது. பொறந்த அன்னைக்கே முறத்துல வெச்சு, தங்கம்மாகிட்ட வித்துட்டோம். ஒரு படி தவுடு குடுத்து வாங்கினா. வாங்கி, 'இது என் பிள்ள, நீ வளத்துக் குடு'ன்னு சொல்லி என் கையிலயே திரும்பக் குடுத்தா. அவளுக்குப் பிள்ள இல்ல. சாஸ்திரத்துக்குத்தான் பண்ணினது. அவன் அவளை அம்மான்னு கூப்பிடுவான், என்னை ஜோதின்னு பேரு சொல்லித்தான் கூப்பிடுவான்."

"சரி, அது வீட்டுல. பேப்பர்ல எப்படி வந்துச்சு?"

"நான்தான். பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்போ வாத்தியாரு அப்பன் பேரு, ஆத்தா பேரு கேட்டாரு. தெனமும் பேரைக் கூப்பிடுவாங்களே, எமன் காதுல விழுந்துடப் போவுதேன்னு பயம். சின்னசாமி, தங்கம்மான்னு எழுதிக்குங்கன்னு சொல்லிட்டேன். அதை வெச்சுத்தானே பட்டாளத்துலயும் சேர்ந்திருப்பான். தபால்காரரு உள்ளூரு ஆளு, எந்தப் பேருக்கு வந்தாலும் எங்க வீட்டுலதான் குடுப்பாரு. முப்பது வருஷம் ஆச்சு, மறந்தே போயிட்டேன்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எமனை ஏமாத்தறதுக்குப் பண்ணினேன், தம்பி. எமன் ஏமாறல. சர்க்காருதான் ஏமாந்துச்சு."

 அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்போ அந்த மூணு லெட்டரும்?"

"அது தப்பான பேருல நான் கேட்ட கேள்விம்மா. அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. எம்மேலதான் தப்பு. மொத நாளே உங்களுக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

 கொடியில் மடித்துப் போட்டிருந்த புது வேட்டியை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். கோதண்டராமனுக்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இனி எழுதுகிற மனுவில் யார் கைநாட்டு வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் தங்கம்மாளோடு அவள் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. தந்தி வந்த அன்று தங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஜோதியம்மாள் வாசலிலேயே அவளை மறித்து, "தவுட்டுக்கு வாங்கின உன் கை வெளங்கல, அதான் போயிட்டான்" என்று தெருவே கேட்கச் சொன்னாள். தங்கம்மாள் அப்படியே திரும்பிப் போனவள்தான். இரண்டு பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒருத்தி வாளியை விடும்போது இன்னொருத்தி தள்ளி நிற்பாள்.

தங்கம்மாள் வீட்டுக்குக் கோதண்டராமன் தனியாகத்தான் போனார். அறுபதைத் தாண்டிய, ஒடிசலான பெண்மணி. ஒரு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறாள். அவர் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை மாட்டுக்குக் கழனித் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தவள், முடிந்ததும் கையை உதறிவிட்டுக் கிட்டே வந்தாள்.

"கப்பல் ஆபீசுல அம்மான்னு என் பேரா இருக்குது?"

"இருக்கும்னுதான் நெனைக்கறேன். பதில் வந்தாத்தான் உறுதி."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"முருகையன், தாயார் பேரு தங்கம்மாள்னு இருக்கும்."

அவள் புடவையில் விரலைத் துடைத்தாள். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தாள்.

"அவ கேக்கச் சொன்னாளா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது அவருக்கு. "சொல்லல. அவங்களுக்கு வாய் வரல" என்றார்.

"வராதுதான்" என்று சொல்லிவிட்டுத் தங்கம்மாள் பெருவிரலை நீட்டினாள்.

நாலு மாதம் கழித்து, ஆவணியில், கனமான ஓர் உறை கொட்டகைக்கு வந்தது. கோதண்டராமன் அதைப் படித்துவிட்டு, கொட்டகையைச் சாத்திக்கொண்டு, கடைத்தெருவில் பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கிற ஒருவரிடம் போனார். அங்கிருந்து நேராக அடி அண்ணாமலை. கடிதம் திருமதி தங்கம்மாள், தாயார் என்று வந்திருந்தது. முறைப்படி அவளிடம்தான் கொடுக்க வேண்டும். அவள் வீட்டுக்குப் போனார். அவள் அதை வாங்கவில்லை.

"அவளைக் கூப்புடுங்க. அவ வந்தப்புறம் படிங்க."

ஜோதியம்மாள் வந்து நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்று இவளும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. கோதண்டராமன் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். முருகையன், தந்தை சின்னசாமி, சேர்ந்தது அறுபத்திரண்டு ஜூலை. பயிற்சியில் நல்ல பெயர். அறுபத்தெட்டு நவம்பர் பதினாலு, வியாழக்கிழமை காலையில், பழுது பார்த்த விமானத்தைச் சோதிக்கப் போனவர்களோடு போனான். கரையிலிருந்து நாற்பது மைலில் விமானம் கடலில் விழுந்தது. மூன்று நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"ஐப்பசி இருபத்தொம்போது. தேய்பிறை நவமி. பஞ்சாங்கம் பார்த்துட்டேன்" என்றார்.

ஜோதியம்மாள், "நவமி" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

உறையில் கடைசியாக ஒரு நகல் இருந்தது. முருகையன் விமானப் பிரிவுக்கு வந்த அன்று அவனே நிரப்பிக் கொடுத்த ஃபாரம். தனக்கு ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரை எழுதியிருந்தான். அதைப் படிக்காமல் மடித்து வைத்துவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். ஆனால் ஒருமுறை வார்த்தையை விட்டுப் பட்டவர், இனி இந்த அம்மாளிடம் எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்வதில்லை என்றும் தீர்மானித்திருந்தார்.

"மொதல்ல தங்கம்மாள், தாயார்னு எழுதியிருக்கான். ரெண்டாவது ஜோதியம்மாள். உறவு, வளர்ப்புத் தாய்."

சாஸ்திரத்தைப் பையன் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறான். கடலுக்கு மேலே பறக்கிற வேலை என்று தெரிந்து, இன்னும் கவனமாகக் காப்பாற்றியிருக்கிறான். தங்கம்மாள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கோதண்டராமன் நிமிர்ந்து பார்த்தபோது நிலைப்படியில் ஜோதியம்மாள் இல்லை.

கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தார். அந்த ஒரு வரியை விழுங்கியிருக்கலாமோ என்று தவித்தார். ஆனால் அவள் திரும்பி வந்தாள். இந்தத் தடவை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். கையில் இரும்புப் படி, அதில் தலை தட்டாமல் தவிடு.

"அக்கா" என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் வார்த்தை. "வளத்தவளா அழ எனக்கு முடியல. பெத்தவளா அழணும். தவுடு கொண்டாந்திருக்கேன். என் பிள்ளையைக் குடு."

தங்கம்மாள் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்க மாட்டாளோ என்று கோதண்டராமனுக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் உலகத்தில் இருந்தது அந்த ஒரு வரிதான். அதுவும் இப்போதுதான், இந்த நிமிஷம்தான் கைக்கு வந்திருக்கிறது. கடைசியில் எழுந்து வந்து படியை வாங்கினாள். அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, ஜோதியம்மாளின் முந்தானையை இழுத்து, அதில் போட்டாள். மீதியைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.

"குடுத்துட்டேன், ஜோதி. அந்த ஒரு பிடி மட்டும் நான் வாங்கல, உன்கிட்டயே இருக்கட்டும். அந்த அளவுக்கு அவன் எனக்கு இருக்கட்டும்."

ஜோதியம்மாள் முந்தானையில் அந்தப் பிடியை முடிச்சுப் போட்டாள். முடிச்சை இறுக்கி முடித்தபிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. பதினோரு வருஷமாக அடுப்புக்கும் கடலுக்கும் பயந்து உள்ளே கிடந்த ஒப்பாரி. தங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே ஒப்பாரி எடுத்தாள்.

கோதண்டராமன் கடிதத்தை மடித்து உறையில் போட்டார். யார் கையில் கொடுப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.